ஸ்டோரேஜ் இணைப்பை சர்வருக்குள்ளிருந்தே சோதிப்பது எப்படி

ஓசூர் சிப்காட்டில் ஓர் ஆலையின் தரவுத்தளம் நடு ஷிஃப்டில் திணறினால், முதல் போன் பெங்களூருக்குத்தான் போகும். தூரம் 40 கி.மீ. சொச்சம்தான், ஆனால் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி ஆள் வந்து சேருவதற்குள் அரை ஷிஃப்ட் போய்விடும். அதற்கு முன் சர்வரில் உட்கார்ந்து பத்து நிமிடம் பார்த்தாலே, கோளாறு கார்டிலா, கேபிளிலா, சுவிட்சிலா, ஸ்டோரேஜிலா என்று பெரும்பாலும் பிரித்துவிடலாம். யாரை அழைப்பது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

இங்கே சொல்வது ஃபைபர் சேனல் கார்டு (ஒளியிழைக் கேபிள் வழியாக ஸ்டோரேஜோடு பேசும் கார்டு) பொருத்திய லினக்ஸ் சர்வருக்கு. நடுவில் நின்று சர்வரையும் ஸ்டோரேஜையும் சேர்க்கும் பெட்டிதான் சுவிட்ச். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் சிறிய ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலில் மல்டிபாத் நிலவரம், அதாவது சர்வரிலிருந்து ஸ்டோரேஜுக்குப் போகும் பல வழிகளின் நிலை. 'மல்டிபாத் -எல்எல்' கொடுங்கள். சர்வரில் இரண்டு போர்ட், ஒவ்வொன்றும் தனித்தனி சுவிட்ச் வழியாக ஸ்டோரேஜின் இரண்டு போர்ட்டைப் பார்க்கிறது என்றால், ஒவ்வொரு லன்னுக்கும் (ஸ்டோரேஜ் சர்வருக்கு ஒதுக்கிக் கொடுக்கும் டிஸ்க்) 4 பாத் (வழி) இருக்க வேண்டும். நான்கும் 'ஆக்டிவ் ரெடி ரன்னிங்' என்று வந்தால் நலம். 'ஃபெயில்டு ஃபால்ட்டி' என்று இரண்டு வந்தாலோ, மொத்தமே இரண்டுதான் தெரிந்தாலோ, பெரும்பாலும் ஒரு பக்கம் முழுதாகச் செத்திருக்கிறது. இதில்தான் பெரிய ஆபத்து: ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் தாங்குவதால் பயனாளர் யாருக்கும் தெரியாது. மாதக்கணக்கில் அப்படியே ஓடும். மிச்சமிருக்கும் கேபிளை யாராவது தொடும் நாளில் எல்லாம் நின்றுபோகும். ஆகவே எந்தக் கேபிளையும் பிடுங்கும் முன் இந்தக் கட்டளையைக் கொடுத்து, மறுபக்கம் உயிரோடு இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, கார்டு கண்ணில் படுகிறதா? 'எல்எஸ்பிசிஐ -கே' பட்டியலில் ஃபைபர் சேனல் என்ற வரியைத் தேடுங்கள். வரியே இல்லை என்றால் கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்காரவில்லை, அல்லது பயாஸில் அந்த ஸ்லாட் அணைக்கப்பட்டிருக்கிறது. வரி இருந்து, கீழே டிரைவர் பெயர் இல்லை என்றால் டிரைவர் ஏறவில்லை. எமுலெக்ஸ் கார்டுக்கு 'எல்பிஎஃப்சி', கியூலாஜிக் கார்டுக்கு 'கியூஎல்ஏ2எக்ஸ்எக்ஸ்எக்ஸ்'. கர்னல் (லினக்ஸின் மையப்பகுதி) புதுப்பித்த மறுநாள் இது நடந்தால் சந்தேகம் அங்கேயே போகட்டும்.

டிரைவர் ஏறியிருந்தால் 'சிஸ்' அடைவுக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'எஃப்சி_ஹோஸ்ட்' என்ற இடத்தில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் ஓர் அடைவு இருக்கும். முக்கியமான தகவல் எல்லாம் இங்கேதான். 'போர்ட்_நேம்' என்ற கோப்பில் 16 இலக்க முகவரி இருக்கும்; பெரும்பாலும் எமுலெக்ஸில் 10 என்றும் கியூலாஜிக்கில் 21 என்றும் தொடங்கும். ஹோஸ்ட் எண்ணை நம்பி எந்தப் போர்ட் எது என்று முடிவு செய்யாதீர்கள், மறுபடி பூட் ஆனால் அது மாறலாம். முகவரியைத்தான் குறித்து வைக்க வேண்டும். கேபிளின் இரு முனையிலும் அதன் கடைசி நான்கு இலக்கத்தை லேபிளாக ஒட்டிவிட்டால் இரவு வேலையில் கை தடுமாறாது.

'போர்ட்_ஸ்டேட்' கோப்பு 'ஆன்லைன்' என்றால் ஒளி வருகிறது. 'லிங்க்டவுன்' என்றால் நான்கு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, எல்சி கனெக்டரின் (கேபிள் முனையில் இருக்கும் சிறிய செருகி) இரண்டு இழையும் இடம் மாறி, அனுப்பும் பக்கம் அனுப்பும் பக்கத்தையே பார்ப்பது. இரண்டு, சுவிட்சில் போர்ட் அணைக்கப்பட்டிருப்பது. மூன்று, வேகம் ஒத்துப்போகாதது: 16 ஜிகாபிட் மாட்யூல் (போர்ட்டில் கேபிளைச் சொருகும் ஒளிக்கருவி) 8, 4 வரை இறங்கும், 32 ஜிகாபிட் மாட்யூல் 16, 8 வரைதான் இறங்கும். புது கார்டைப் பழைய 4 ஜிகாபிட் சுவிட்சில் சொருகினால் விளக்கே எரியாது. நான்காவது தூசி. கிரானைட் அறுக்கும் பட்டறைகள் நிறைந்த இந்த வட்டாரத்தில் இதை லேசாக எடுக்கக் கூடாது. மூடி இல்லாமல் கிடந்த கேபிளைத் துடைக்காமல் சொருகவே வேண்டாம். எல்சி முனைக்கான கிளீனர் பேனாவால் துடையுங்கள். வாயால் ஊதினால் ஈரமும் சேரும். இழை முனையைக் கண்ணருகே வைத்தும் பார்க்காதீர்கள், 850 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது.

'ஸ்பீடு' கோப்பையும் பாருங்கள். 16க்குப் பதில் 8 என்று காட்டினால் எதிர்முனையில் எவ்வளவு வேகம் அமைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். கேபிள் நீளமும் கணக்கு: 16 ஜிகாபிட்டுக்கு ஓஎம்3 ரகக் கேபிள் 100 மீட்டர் வரை, ஓஎம்4 ரகம் 125 மீட்டர் வரை, 32 ஜிகாபிட்டுக்கு அதே வரிசையில் 70, 100 மீட்டர் வரை.

'ஆன்லைன்' என்று வந்ததும் திருப்தியாகிவிட வேண்டாம். மந்தமாக ஓடும் சர்வர்களில் லிங்க் எரிந்துகொண்டுதான் இருக்கும். அதே அடைவுக்குள் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ்' இருக்கிறது. 'இன்வாலிட்_டிஎக்ஸ்_வேர்டு_கவுண்ட்', 'இன்வாலிட்_சிஆர்சி_கவுண்ட்', 'லிங்க்_ஃபெயிலியர்_கவுண்ட்' மூன்றையும் எழுதி வையுங்கள். இவை முறையே சிதைந்து வந்த வேர்டு (ஒளியில் வரும் சிறு தரவுத் துண்டு), சிஆர்சி என்ற பிழைச் சோதனையில் தோற்ற ஃபிரேம் (தரவுப் பொட்டலம்), லிங்க் அறுந்த தடவை ஆகியவற்றின் எண்ணிக்கை. எண்கள் பதினாறடிமானத்தில் (0 முதல் 9, பிறகு ஏ முதல் எஃப் வரை) இருக்கும். சர்வர் பூட் ஆனபோது சேர்ந்த பழைய கணக்கும் அதில் உண்டு. ஒருமுறை பார்த்த எண்ணுக்கு அர்த்தமில்லை. டிஸ்க் வேலை ஓடும்போதே பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். வேர்டு எண்ணிக்கை ஏறினால், சுவிட்ச் மாட்யூலில் தொடங்கி கேபிள் வழியாக இந்தக் கார்டின் வாங்கும் பக்கம் வரை எங்கோ ஒளி கெடுகிறது. சிஆர்சி மட்டும் ஏறி வேர்டு அசையாமல் நின்றால், ஃபிரேம் பெரும்பாலும் சுவிட்சுக்கு அப்பாலேயே கெட்டு வருகிறது; இந்தக் கேபிளை மாற்றிப் பயனில்லை. மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுங்கள்: துடைப்பது, பிறகு கேபிள், பிறகு மாட்யூல்.

ஒளி சரி, ஆனால் லன் தெரியவில்லையா? அதே 'கிளாஸ்' அடைவுக்குள் இருக்கும் 'எஃப்சி_ரிமோட்_போர்ட்ஸ்' அடைவில் 'ரோல்ஸ்' கோப்பு 'எஃப்சிபி டார்கெட்' (அதாவது ஸ்டோரேஜின் போர்ட்) என்று சொல்லும் பதிவு இருக்க வேண்டும். ஒன்றுகூட இல்லையென்றால் சோனிங்கைப் பாருங்கள், அதாவது எந்தப் போர்ட் எந்தப் போர்ட்டோடு பேசலாம் என்று சுவிட்சில் வகுத்திருக்கும் அமைப்பை. கார்டு மாற்றியதும் முகவரி மாறிவிடுவதால், பழைய முகவரியே சோனில் இருப்பது அடிக்கடி நடக்கும். டார்கெட் தெரிந்தும் லன் வரவில்லையென்றால் ஸ்டோரேஜில் அந்த முகவரிக்கு லன் ஒதுக்கவில்லை. ஒதுக்கிய பிறகு 'ரீஸ்கேன்-ஸ்கசி-பஸ்.எஸ்எச்' போதும். 'இஷ்யூ_லிப்' கோப்பில் எழுதாதீர்கள், ஓடும் லிங்க்கையே அது தட்டிவிடும்.

இஎஸ்எக்ஸ்ஐ (விஎம்வேரின் மெய்நிகர் சர்வர் மென்பொருள்) ஓடும் சர்வரில் 'இஎஸ்எக்ஸ்சிஎல்ஐ ஸ்டோரேஜ் கோர் அடாப்டர் லிஸ்ட்' கொடுத்தால் 'லிங்க்-அப்' தெரியும். விண்டோஸில் பவர்ஷெல்லின் 'கெட்-இனிஷியேட்டர்போர்ட்' முகவரி தரும். 'எம்பிகிளெய்ம் -எஸ் -டி' பாத் நிலவரம் தரும்.

மின்தடைக்குப் பிறகு லன் காணாமல் போனால், கார்டைச் சந்தேகிக்கும் முன் எது முதலில் எழுந்தது என்று பாருங்கள். ஸ்டோரேஜ் எழுந்து முடிய பல நிமிடம் ஆகும். சர்வர் அதற்குள் பூட் ஆகியிருந்தால் டிஸ்க் மவுண்ட் ஆகியிருக்காது. சுவிட்ச், ஸ்டோரேஜ், கடைசியில் சர்வர் என்ற வரிசையில் மின்சாரம் கொடுங்கள்.