தங்கவயலில் பூ எடுக்கப் போகிறீர்களா?

கோலார் தங்கவயலுக்கு முதல் தடவை கேமராவோடு போனபோது இருநூறு படத்துக்கு மேல் எடுத்தேன். முக்கால்வாசி ஆவாரம்பூ. பின்னணியை முழுக்க மங்கலாக்கி, பூ மட்டும் பளிச்சென்று தெரியும்படி. நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு ஏன்பா கோலார் வரைக்கும் போன? எங்க வீட்டுக் கொல்லையிலயே பூத்துக் கிடக்கே" என்றார்.

மூடிப்போன சுரங்கம், ஆலை நிலங்களில் பூக்களை எடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். பூ கிடைத்த மகிழ்ச்சியில் மண்ணைத் தொலைத்துவிடுகிறோம். தங்கவயல் சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் வெட்டிய பாறையை அரைத்து, சயனைடில் தங்கத்தைப் பிரித்த பிறகு மிஞ்சிய மண், ஊரைச் சுற்றிப் பெரிய மேடுகளாக வெளிறிக் கிடக்கிறது. அந்த மேட்டின் ஓரத்தில் நிற்கிறது என்பதால்தான் அந்த ஆவாரைக்கு ஒரு கதை இருக்கிறது.

லென்ஸின் துளையை எஃப்/2.8 என்று அகலமாகத் திறந்தால் அந்தக் கதை கரைந்துபோகும். 28 அல்லது 35 மி.மீ. லென்ஸை மாட்டி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துளையைச் சுருக்கி எஃப்/11 வைத்துப் பாருங்கள். பூ கூர்மையாக நிற்கும். பின்னால் ஷாஃப்டின், அதாவது சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழியின், இரும்புக் கோபுரம் லேசாக மங்கினாலும் அதன் உச்சியில் இருப்பது சக்கரம் என்று தெரியும். போனில் எடுப்பவர்கள் போர்ட்ரெய்ட் மோடை அணைத்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது.

ஒளி விஷயத்தில் ஜெர்மனியின் புகைப்படக் கலைஞர்களான பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியைப் பின்பற்றலாம். சுரங்கக் கோபுரங்களை அவர்கள் மேகம் மூடிய நாட்களில், நிழல் விழாமல், நேருக்கு நேர் எடுத்தார்கள். பூவுக்கும் அதே ஒளி நல்லது. வெளிறிய மண்ணில் உச்சிவெயில் பட்டால் கண்ணே கூசும், கேமரா என்ன செய்யும்? ஆனால் நெருஞ்சி வேண்டுமென்றால் வெயிலுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். அது சூரியனைப் பார்த்துத் திரும்பும் பூ என்பதைச் சங்கப் புலவர்களே கவனித்திருக்கிறார்கள். முட்டி போடுமுன் முள்ளையும் கவனியுங்கள்.

தும்பை மாதிரி சின்ன வெள்ளைப் பூ, கரும்பச்சைச் செடியில் இருந்தால் கேமரா ஏமாந்து ஒளியைக் கூட்டிவிடும். இதழ் வெறும் வெள்ளைத் திட்டாகும். எக்ஸ்போஷரை, அதாவது பதிவாகும் ஒளியின் அளவை, முக்கால் ஸ்டாப்பாவது குறையுங்கள். மஞ்சள் பூவில் வேறு சிக்கல். படத்தின் ஒளி அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராம் மொத்தத்தில் ஒழுங்காக இருப்பதுபோல் காட்டும், சிவப்பு மட்டும் விளிம்பைத் தாண்டியிருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம் இந்த 'அலங்கரிக்கும்' பழக்கம். பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோய்த் தெளித்து, பனித்துளி என்பது. வறண்ட மேட்டில், நண்பகலில், பனித்துளியா? ஒரு தடவை எருக்கஞ்செடியின் இலையில் சுரங்கத் தூசி படிந்திருக்கிறது என்று நினைத்து விரலால் துடைத்தேன். துடைத்த இடம் பச்சைக் கோடாக நின்றது. அது தூசியே இல்லை, இலையின் மேல் இயல்பாக இருக்கும் வெள்ளைப் பூச்சு. அந்தச் செடியை அன்றைக்கு எடுக்க முடியவில்லை. நல்லவேளை, இலை கிழிந்து பால் வடியவில்லை. கண்ணில் பட்டால் ஆபத்து.

உண்மையான தூசி வேறு. காற்று கிளம்பும் நாளில் மேட்டின் மேல் படுத்துக்கொண்டு எடுக்காதீர்கள். அரைத்த பாறையோடு ரசாயன மிச்சமும் அதில் இருக்கிறது. லென்ஸ் மாற்றுவதும் அங்கே வேண்டாம். வேலி போட்ட ஷாஃப்ட் பக்கம் போகவே கூடாது, எந்தப் பூவாக இருந்தாலும்.

செடியின் பெயர் தெரியாமல் படமெடுப்பதையும் தவறாகவே சொல்வேன். உன்னிப்பூவும் பார்த்தீனியமும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்து நம் நிலத்தைப் பிடித்தவை. அவற்றை எடுத்து 'இயற்கை திரும்பி வந்தது' என்று தலைப்பு வைத்தால் செடி தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

தலைப்பில் இன்னொரு சறுக்கலும் உண்டு. ஷாஃப்ட் முன்னால் ஆவாரை பூத்த படம் ஒன்றுக்கு, 'ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ' என்று எழுதி வைத்திருந்தேன். அழகான பழமொழிதான். ஆனால் அந்தச் சுரங்கத்துக்குள் இறங்கியவர்களில் பலர், வட ஆற்காடு, சேலம் பக்கமிருந்து போன தமிழர்கள் உட்பட, பாறைத் தூசி நுரையீரலில் படிந்து இறந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்றும் விடியற்காலையில் தங்கவயலின் மாரிக்குப்பம் நிலையத்தில் ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால் என்ன நினைப்பார்? பழமொழியை அழித்துவிட்டேன். இப்போது படத்தின் கீழே செடியின் பெயரும் சுரங்கத்தின் பெயரும்தான்: 'ஆவாரை, சாம்பியன் ரீஃப்' என்று மட்டும் இருக்கிறது.