வரலாற்றில் இன்று: தேதி போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆடிப்பெருக்கு நெருங்கினாலே எங்கள் சேலம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வாக்குவாதம் கிளம்பிவிடும். தீரன் சின்னமலையைச் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிட்டது 1805 ஜூலை 31 என்று ஒருவர் போடுவார். அதெப்படி, ஆடி 18 அன்றுதானே தூக்கிலிட்டார்கள், அப்படியானால் ஆகஸ்ட் 3 என்றுதானே வரவேண்டும் என்று இன்னொருவர் காலண்டர் தாளைப் படம் எடுத்தே போட்டுவிடுவார். உண்மையில் இரண்டுக்கும் சண்டையே இல்லை. இந்த வருஷக் காலண்டரை வைத்து அந்த வருஷத்துக்குத் தேதி பார்ப்பதுதான் தவறு. பள்ளியிலோ நூலகத்திலோ "வரலாற்றில் இன்று" என்று அன்றாடம் பலகை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது மாதிரித் தவறுகளைத்தான்.

தமிழ் மாதம் பிறப்பது சூரியன் ராசி மாறுவதை வைத்து. நட்சத்திரங்களை வைத்து அளக்கும் அந்த ஆண்டு, நாம் அலுவலுக்குப் பயன்படுத்தும் ஆங்கில ஆண்டைவிடச் சுமார் 20 நிமிடம் நீளம். வெறும் 20 நிமிடம்தானே என்று விட்டால், எழுபது வருஷத்துச் சொச்சத்தில் அது ஒரு முழு நாளாகிவிடும், இருநூறு வருஷத்தில் இரண்டு மூன்று நாள். இப்போது ஆகஸ்ட் 2, 3 தேதிகளில் வரும் ஆடி 18, 1805இல் ஜூலை 31 வாக்கில் விழுந்ததற்கு இதுதான் காரணம். சந்தேகம் இருந்தால் விவேகானந்தரின் பிறந்தநாளைப் பாருங்கள். அவர் பிறந்தது 1863 ஜனவரி 12, அன்றைக்கு மகர சங்கராந்தி, நம் கணக்கில் தை 1. இன்றைக்குப் பொங்கல் வருவதோ 14 அல்லது 15. அதனால் பழைய நிகழ்வுக்குத் தமிழ்த் தேதி கிடைத்தால் அதை அப்படியே தமிழ்த் தேதியாக எழுதுங்கள், ஆங்கிலத் தேதி வேண்டுமென்றால் அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைத் தேடுங்கள்.

வெளிநாட்டுத் தேதியிலும் இதே சிக்கல் உண்டு. ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள் வந்தால், ஷேக்ஸ்பியரும் ஸ்பானிய எழுத்தாளர் செர்வாண்டசும் 1616இல் ஒரே நாளில் இறந்தார்கள் என்று நூலகப் பலகையில் எழுதிவிடுகிறார்கள். அப்போது இங்கிலாந்து பழைய நாட்காட்டியில் இருந்தது, ஸ்பெயின் புதியதுக்கு மாறிவிட்டது, நடுவில் பத்து நாள் வித்தியாசம். போதாததற்கு செர்வாண்டஸ் இறந்தது 22ஆம் தேதி, 23 அடக்கம் செய்த நாள். கேட்க நன்றாக இருக்கிறதே என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டால் அது அவர்களோடு ஆயுசுக்கும் நின்றுவிடும், அதுதான் எனக்கு வருத்தம்.

நள்ளிரவையும் கவனியுங்கள். பாரதியார் உயிர் பிரிந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டி. கடிகாரப்படி அது 12. விடிந்தால்தான் மறுநாள் என்று வைத்திருக்கும் நம் வீட்டு வழக்கப்படி அது 11. இரண்டில் எதை எழுதினாலும் "நள்ளிரவுக்குப் பின்" என்ற இரண்டு சொல்லைச் சேர்த்துவிட்டால் படிப்பவர் குழம்ப மாட்டார். நாட்டுக்கு நாடு நேரம் மாறுவதாலும் தேதி மாறும்: நிலவில் ஆம்ஸ்ட்ராங் கால் வைத்தது அமெரிக்காவில் 1969 ஜூலை 20 இரவு, நமக்கு 21 காலை.

அப்புறம் நவம்பர் 1. தவறு அதிகம் சேரும் தேதி இது. "1956இல் தமிழ்நாடு என்று பெயர் சூட்டப்பட்ட நாள்" என்று வருஷா வருஷம் எங்காவது பார்க்கிறேன். அன்று நடந்தது மாநில எல்லை மாற்றம். மலபார் கேரளத்துக்குப் போனது, தென்கன்னடம் மைசூருக்குப் போனது, கன்னியாகுமரியும் செங்கோட்டையும் நம்மிடம் வந்தன. பெயர் சென்னை மாநிலமாகவேதான் இருந்தது. அந்தப் பெயருக்காகச் சங்கரலிங்கனார் உண்ணாவிரதம் இருந்து உயிர்விட்டது அதே 1956 அக்டோபரில், அவர் கேட்டது அப்போது கிடைக்கவில்லை. சட்டமன்றத் தீர்மானம் 1967 ஜூலை 18, பெயர் நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. புதுச்சேரியும் அப்படித்தான்: 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து கைமாறியது, சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. தீர்மானம், சட்டம், நடைமுறை என்று ஒரே விஷயத்துக்குப் பல தேதி இருக்கும்போது நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதை வினைச்சொல்லிலேயே காட்டிவிடுங்கள். "உருவானது" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதால்தான் இத்தனை குழப்பம்.

இடத்தின் பெயரும் நழுவும். ராஜாஜி 1937 அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். அது இன்றைய சேலம் இல்லை. தர்மபுரி பிரிந்தது 1965இல், நாமக்கல் 1997இல். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. "அன்றைய சேலம் மாவட்டம்" என்று எழுதினால் சரியாகிவிடும்.

நாள் தெரியாததற்கு நாள் கொடுக்கவே கூடாது. ஏற்காட்டுக்குக் காபி வந்தது 1820களில், ஆட்சியர் காக்பர்ன் காலத்தில். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தேதி இல்லாத செய்தி அன்றாடப் பலகையில் வராவிட்டால் என்ன, ஏற்காடு கோடை விழாச் சமயத்தில் தனியாக எழுதலாமே.

கடைசியாக ஒன்று, என் பார்வையில் இதுதான் பெரிய தவறு: உள்ளூரை விட்டுவிடுவது. பிப்ரவரி 11 என்று தேடினால் எடிசன் பிறந்தது வரும், மண்டேலா 1990இல் விடுதலையானது வரும், கொஞ்சம் மெனக்கெட்டால் பொதுவுடைமைத் தலைவர் சிங்காரவேலர் 1946இல் இறந்ததும் வரும். 1950இல் அதே தேதியில் நம் சேலம் மத்தியச் சிறைக்குள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 கம்யூனிஸ்ட் கைதிகள் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் மலபார்க்காரர்கள், மலபார் அப்போது சென்னை மாநிலத்தில் இருந்ததால் இங்கே அடைக்கப்பட்டவர்கள். அந்தச் சிறையைத் தாண்டிப் பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். எண்ணிக்கையையும் ஆண்டையும் போட்டு அந்த வரியை முதலில் எழுதுங்கள், "இனிய நாள்" மாதிரி வாழ்த்து எதுவும் அதன் பக்கத்தில் வேண்டாம். எடிசன் அடுத்த வரியில் வரட்டும்.