பொங்கல் நோம்பி லீவில் குட்டிச் சிப்பாய்களுக்குப் பெயின்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காப்புக்கட்டு முதல் பூப்பறிக்கிற நோம்பி வரை நாலு நாள் லீவு. பெட்டியில் கிடக்கும் 28 மி.மீ. உயரச் சிப்பாய் பொம்மைகள் 40 பேரையும் முடித்துவிடலாம் என்று கணக்குப் போடுவதுதான் முதல் தவறு. பட்டிப் பொங்கலன்று பிரஷ்ஷைத் தொடவே முடியாது. மற்ற நாட்களில் கிடைப்பது அரை மணி, முக்கால் மணித் துண்டுகள். 6 பேர், மிஞ்சினால் 8 பேர் போதும். ஒரு தடவை உட்கார்ந்தால் ஒரே நிறம்: எல்லோருக்கும் கோட்டு, அடுத்த தடவை எல்லோருக்கும் கால்சட்டை. எழுந்து போய் வந்தாலும் விட்ட இடம் தெரியும்.

நிறம் ஒட்டுவதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரை லீவு வரைக்கும் தள்ளிப்போட்டால் கெடுவது அதிகம். அது மார்கழி நடுவிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை முடிய வேண்டிய வேலை. முந்தின நாளே பழைய டூத் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காய வையுங்கள். பொம்மை வார்த்த அச்சில் பூசிய எண்ணெய்ப் பசை மிஞ்சினால் பிரைமர் உரிந்து வரும். பனி ஈரம் இருக்கும் காலையில் ஸ்ப்ரே அடித்தால் பூச்சு வெளிறிப் படரும். 11 மணிக்கு மேல், 20 முதல் 25 செ.மீ. தூரத்தில், விட்டுவிட்டு அடியுங்கள். காத்தடிக்கும் மொட்டை மாடியில் தள்ளி நின்று அடித்தால் துளிகள் வழியிலேயே காய்ந்து, மாவு தூவினாற்போல் சொரசொரப்பாகும். அப்புறம் கண் எது, மீசை எது என்றே தெரியாது.

தீரன் சின்னமலை காலத்துக் கம்பெனிச் சிப்பாய் என்றால் சிவப்புக் கோட்டு. கறுப்பு பிரைமர் மேல் நேராகச் சிவப்பு வைக்காதீர்கள். சிவப்பு அடிநிறத்தை எளிதில் மறைக்காது. நாலு கோட்டிங் ஆனாலும் மங்கித்தான் நிற்கும். அடியில் செம்பழுப்பு ஒரு கோட்டிங், மேலே சிவப்பு இரண்டு கோட்டிங், தண்ணீர் கலந்து மெல்லிசாக.

ஒரம்பரை வாசலில் வந்து கூப்பிடும்போது தட்டில் பிழிந்த அக்ரிலிக் பெயின்ட் கொஞ்ச நேரத்தில் ஏடு கட்டிவிடும். மூடி போட்ட டிபன் பாக்ஸில் ஈர ஸ்பான்ஜ் வைத்து, அதன் மேல் கேக் வேக வைக்கப் போடும் பேக்கிங் பேப்பரை விரித்து, பெயின்ட்டை அதில் எடுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் இளக்கமாக இருக்கும். மெழுகுத் தாள் உதவாது, ஈரத்தை மேலே விடாது. ஸ்பான்ஜில் தண்ணீர் தேங்கினாலும் பெயின்ட் ஓடிவிடும். அவசரத்தில் பிரஷ்ஷைத் தண்ணீர் டம்ளரில் நட்டுவிட்டு எழாதீர்கள்; முனை கொக்கியாக வளைந்தால் கண் எழுத ஆகாது. அந்த டம்ளரும் காபி டம்ளரும் வேறு வேறாக இருப்பதும் நல்லது.

ஒட்டடை அடித்து வெள்ளையடிக்கிற நாளில் ஈரப் பொம்மைகளைத் திறந்து வைத்தால் தூசு ஒட்டி நிற்கும். பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள்.

லீவு முடிகிறதே என்று கடைசி நாள் பொழுது சாயும்போது மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) அடிப்பவர்கள் உண்டு. பனி இறங்கும் நேரத்தில் கறுப்புத் தொப்பியெல்லாம் சாம்பல் பூத்துவிடும். அப்படி ஆனால் வெயிலில் ஒரு கோட்டிங் பளபளப்பான கிளாஸ் (gloss) வார்னிஷ் அடித்துப் பாருங்கள். பல சமயம் வெண்மை மறையும். நன்றாகக் காய்ந்த பிறகு மேட் வார்னிஷை மறுபடி அடிக்கலாம், இந்தத் தடவை நண்பகலில்.