வகுப்பறைக்குள் வருமான இடைவெளியை ஆசிரியர் கண்டறிந்து குறைப்பது எப்படி?

பெற்றோரின் வருமானத்தை ஆசிரியரால் மாற்ற முடியாது என்றாலும், அது குழந்தையின் கற்றலுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதைக் கண்டுபிடிக்க முடியும். பெரும்பாலும் பள்ளி தன் வேலையை வீட்டிடம் ஒப்படைக்கும் இடத்தில்தான் அது நுழைகிறது.

முதலில், கடந்த ஒரு மாதத்தில் கொடுத்த வீட்டுப்பாடங்களையும் செயல்திட்டங்களையும் ஒரு தாளில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றையும் முடிக்கப் பணம், இணைய இணைப்பு, உட்கார்ந்து எழுத அமைதியான இடம், பக்கத்தில் இருந்து சொல்லித்தரும் பெரியவர் ஆகியவற்றில் எது தேவைப்பட்டது என்று எதிரே குறியுங்கள். சூரியக் குடும்ப மாதிரியைச் செய்து வரச் சொன்ன நாளை நினைத்துப் பாருங்கள். ஒரு குழந்தை கொண்டுவந்த தெர்மோகோல் உருண்டைகளுக்குத் தந்தையே அளவெடுத்து வண்ணம் பூசியிருப்பார். இன்னொரு குழந்தை பழைய நோட்டின் அட்டையில் வட்டங்கள் வரைந்து, கோள்களின் பெயர்களைத் தானே எழுதி வந்திருக்கும். அழகுக்கு மதிப்பெண் போடும்போது நாம் குடும்பத்தின் செலவுத் திறனுக்கே மதிப்பெண் போடுகிறோம். இத்தகைய வேலைகளைப் பள்ளி நேரத்திலேயே, பள்ளி தரும் பொருள்களைக் கொண்டே செய்ய வையுங்கள். வீட்டுக்குப் போவது குழந்தை யாருடைய உதவியும் இன்றி முடிக்கும் பயிற்சியாக இருக்கட்டும்.

அடுத்தது நீண்ட விடுமுறை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 1982இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைக் குழந்தைகளும் வசதியான குழந்தைகளும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினர். கோடையில்தான் வாசிப்பு இடைவெளி விரிந்தது. வேறு தேர்வுமுறைகளைக் கொண்டு பின்னர் செய்த ஆய்வுகளில் இதே முடிவு எப்போதும் கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் வகுப்பிலேயே அளந்து பாருங்கள்: விடுமுறைக்கு முந்தைய வாரத்திலும் பள்ளி திறந்த வாரத்திலும் ஒரே அளவு கடினமான பத்திகளை ஒவ்வொரு குழந்தையையும் தனியே அழைத்து வாசிக்கச் சொல்லி, ஒரு நிமிடத்தில் பிழையின்றி வாசித்த சொற்களை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பின்தங்கியவர்கள் இருந்தால், அடுத்த விடுமுறையில் நூலகத்தைப் பூட்டி வைக்காமல் அவரவர் விரும்பிய புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். கிழிந்துவிடுமே என்று தயங்க வேண்டாம். கிழிந்த புத்தகம் வாசிக்கப்பட்ட புத்தகமாகவும் இருக்கலாம்.

கட்டணம் கட்டாதவரின் பெயரை வகுப்பில் வாசிக்கும் வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

இதற்கு மேல் ஆசிரியர் ஒருவரால் ஆகாது, நிதி வேண்டும். அமெரிக்கப் பள்ளி நிதிச் சீர்திருத்தங்களை ஆராய்ந்து 2016இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பள்ளிப் பருவத்தின் 12 ஆண்டுகளிலும் மாணவருக்கான செலவு 10 விழுக்காடு கூடினால், ஏழைக் குடும்பப் பிள்ளைகள் சராசரியாக ஏறத்தாழ அரை ஆண்டு கூடுதலாகப் படிக்கிறார்கள். நிர்வாகக் கூட்டத்தில் இதை எடுத்துச் சொல்லுங்கள். அங்கே போகும்போது வீட்டுப்பாடத் தாளையும் வாசிப்புக் கணக்கையும், குழந்தைகளின் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டு, உடன் கொண்டு செல்லுங்கள்.