கட்சிகளின் வெற்றி வாய்ப்பைக் கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பீகார் சட்டமன்றத்துக்கு 2020இல் நடந்த தேர்தலில் ராஷ்டிரிய ஜனதா தளம் 23 சதவீதத்தைச் சற்றே தாண்டிய வாக்குகளுடன் 75 இடங்களைப் பிடித்தது. 2025 நவம்பரில் அதே கட்சி ஏறத்தாழ அதே 23 சதவீத வாக்குகளைப் பெற்றது. ஆனால் கிடைத்த இடங்கள் 25 மட்டுமே. தனிக்கட்சிகளை மட்டும் வரிசைப்படுத்தினால், அந்தத் தேர்தலிலும் மாநிலத்தில் அதிக வாக்குகள் பெற்ற கட்சி அதுதான். இடங்களின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தவர்களுக்கு அக்கட்சியை அதன் ஆதரவாளர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்றே தோன்றும். உண்மையில் மாறியது, ஐக்கிய ஜனதா தளமும் பாரதிய ஜனதாவும் அடங்கிய எதிர்முகாம். 2020இல் லோக் ஜனசக்தி தனித்து நின்று ஐக்கிய ஜனதா தளத்தின் வாக்குகளைப் பல தொகுதிகளில் பிரித்தது; அப்போது இரு பெரிய அணிகளும் தலா 37 சதவீதத்தை ஒட்டியே நின்றன. 2025இல் தனித்து நின்ற அந்தத் தரப்பும் எதிர்முகாமின் அணிக்குள் வந்துவிட்டது, அந்த அணியும் வளர்ந்தது.

அரசியல் களம் மாறுகிறது என்று நாம் பேசும்போது, பெரும்பாலும் ஒரு கட்சியின் உயர்வையோ வீழ்ச்சியையோ மட்டுமே மனத்தில் வைத்துப் பேசுகிறோம். ஒரு கட்சியின் வெற்றி வாய்ப்பு அதன் சொந்த வாக்குகளைப் பொறுத்திருப்பது போலவே, அதற்கு எதிரான வாக்குகள் ஒன்றாகச் சேர்கின்றனவா, சிதறுகின்றனவா என்பதையும் பொறுத்திருக்கிறது. இந்த இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்காததுதான் தேர்தல் கணிப்பில் நிகழும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் என்பது என் உறுதியான எண்ணம்.

வாக்கு சதவீதத்தைப் படிப்பதிலேயே ஒரு தவறு மிகப் பரவலாக நடக்கிறது. தமிழ்நாட்டில் 2006 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக 32.6 சதவீத வாக்குகளும் திமுக 26.5 சதவீத வாக்குகளும் பெற்றன. இடங்களோ அதிமுகவுக்கு 61, திமுகவுக்கு 96. இதைத் தேர்தல் முறையின் விசித்திரம் என்று சொல்லி நகர்ந்துவிடுவோர் உண்டு. ஆனால் அதிமுக 188 தொகுதிகளிலும் திமுக 132 தொகுதிகளிலும் மட்டுமே போட்டியிட்டன என்பதைச் சேர்த்துப் பார்த்தால் விசித்திரம் எதுவும் மிஞ்சுவதில்லை. போட்டியிட்ட தொகுதிகளை மட்டும் கணக்கில் எடுத்தால் திமுகவின் பங்கு சுமார் 46 சதவீதம், அதிமுகவின் பங்கு சுமார் 41 சதவீதம். கூட்டணிக் கட்சிகளுக்கு 100 தொகுதிகளுக்கு மேல் விட்டுக்கொடுத்த கட்சியின் மாநில அளவிலான சதவீதம் குறைந்துதான் தெரியும். ஆகவே ஒரு கட்சியின் சதவீதத்தைச் சொல்லும் எவரும், அது எத்தனை தொகுதிகளில் போட்டியிட்டுப் பெற்றது என்பதையும் சொல்லியாக வேண்டும். அது இல்லாமல் இரண்டு தேர்தல்களை ஒப்பிடுவது கணக்கே ஆகாது.

அடுத்தது, இடங்களின் ஏற்ற இறக்கத்தை அப்படியே மக்கள் மனமாற்றத்தின் அளவாக எடுத்துக்கொள்வது. அதிக வாக்கு பெற்றவரே வெற்றி பெறும் முறையில், வாக்குகளில் நேரும் சிறிய அசைவு இடங்களில் பல மடங்காகப் பெருகும். பாரதிய ஜனதா கட்சி 2019 மக்களவைத் தேர்தலில் 37.4 சதவீத வாக்குகளுடன் 303 இடங்களும், 2024இல் 36.6 சதவீத வாக்குகளுடன் 240 இடங்களும் பெற்றது. நாடு முழுவதும் சேர்த்து ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை. 63 இடங்கள் போயின. சராசரி அசையாமல் இருந்ததால் களமும் அசையவில்லை என்று இதற்கு மறுபக்கமாக வாதிடுவதும் பிழையே. உத்தரப் பிரதேசத்தில் மட்டும் அக்கட்சி 62இலிருந்து 33க்கு இறங்கியது. ஓரிடத்தில் ஏறி வேறோரிடத்தில் இறங்கினால் தேசிய சராசரி அந்த இரண்டையும் மறைத்துவிடும்.

பிரிட்டனின் 2024 பொதுத்தேர்தலை இதற்காகவே மீண்டும் மீண்டும் படிக்கலாம். தொழிற்கட்சி 33.7 சதவீத வாக்குகளுடன் 411 இடங்களைக் கைப்பற்றியது. அதற்கு முந்தைய 2019 தேர்தலில் அது 32.1 சதவீத வாக்குகளுடன் 202 இடங்களை மட்டுமே வென்று படுதோல்வி கண்டது. சதவீதத்தில் வேறுபாடு ஒன்றரைதான். உண்மையான வாக்கு எண்ணிக்கையிலோ, வென்ற 2024இல் கிடைத்தவை தோற்ற 2019இல் கிடைத்தவற்றைவிட 5 லட்சத்துக்கும் மேல் குறைவு. பழமைவாதக் கட்சி 43.6 சதவீதத்திலிருந்து 23.7க்குச் சரிந்ததும், அதன் வாக்குகளில் ஒரு பகுதியை ரிஃபார்ம் கட்சி எடுத்துக்கொண்டதும்தான் அந்த 411இன் பின்னணி. இத்தகைய வெற்றியைத் தன் கொள்கைக்குக் கிடைத்த பேராதரவு என்று ஒரு கட்சி எண்ணிக்கொண்டால், எதிர்த்தரப்பு மீண்டும் ஒன்றுசேரும் நாளில் அது எதிர்பாராத அடியை வாங்கும். அதே தேர்தலில் ரிஃபார்ம் 14.3 சதவீதம் பெற்று 5 இடங்களும், லிபரல் டெமாக்ரட்ஸ் 12.2 சதவீதம் பெற்று 72 இடங்களும் வென்றன. வாக்குகள் ஒரு சில பகுதிகளில் குவிந்திருக்கின்றனவா, நாடெங்கும் சமமாகப் பரவியிருக்கின்றனவா என்பது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

கூட்டணிக் கணக்குக்கு வருவோம். நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான். இரு கட்சிகள் கைகோத்தால் அவற்றின் முந்தைய வாக்குகளைக் கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். ஒரு தொகுதியைக் கற்பனை செய்து பார்ப்போம். பதிவான வாக்குகள் 2 லட்சம். முதல் கட்சி 84,000, இரண்டாவது கட்சி 78,000, மூன்றாவது கட்சி 26,000, மற்றவர்கள் 12,000. அடுத்த தேர்தலில் இரண்டாவதும் மூன்றாவதும் கூட்டணி சேர்கின்றன. காகிதத்தில் 1,04,000, வெற்றி 20,000 வாக்கு வித்தியாசத்தில் உறுதி. ஆனால் மூன்றாவது கட்சிக்கு வாக்களித்தவர்களில் ஒரு பகுதியினர் இரண்டாவது கட்சியைப் பிடிக்காததால்தான் அங்கே போயிருந்தார்கள். அந்த 26,000 பேரில் 13,000 பேர் கூட்டணி வேட்பாளருக்கு வாக்களிக்கிறார்கள், 8,000 பேர் முதல் கட்சிக்குப் போகிறார்கள், 5,000 பேர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டால், கூட்டணிக்கு 91,000, முதல் கட்சிக்கு 92,000. காகிதத்தில் 20,000 வாக்குகளில் வென்றவர் களத்தில் 1,000 வாக்குகளில் தோற்கிறார்; இத்தனைக்கும் முதல் இரு கட்சிகளின் பழைய வாக்காளர் ஒருவர்கூட அணி மாறவில்லை.

உத்தரப் பிரதேசத்தில் 2019 மக்களவைத் தேர்தலில் நடந்தது ஏறக்குறைய இதுதான். 2014 வாக்குகளைக் கூட்டினால் சமாஜ்வாதியும் பகுஜன் சமாஜும் சேர்ந்து 42 சதவீதத்தை எட்டின. அது அந்த ஆண்டில் பாரதிய ஜனதா பெற்ற அளவுக்குச் சமம். இரண்டும் கூட்டணி வைத்தபோதோ பாரதிய ஜனதாவின் பங்கு 50 சதவீதத்தைத் தொட்டது; கூட்டணியில் பகுஜன் சமாஜுக்கு 10, சமாஜ்வாதிக்கு 5 இடங்களே கிடைத்தன. 2024இல் சமாஜ்வாதி காங்கிரசுடன் சேர்ந்தபோது, காகிதக் கணக்கில் அது சிறிய கூட்டணி. ஆனால் 80இல் 43 இடங்களை அது வென்றது. வாக்கு மாற்றம் நிகழ்வதற்குத் தலைவர்களின் கைகுலுக்கல் மட்டும் போதாது. இரு கட்சிகளின் கிளை நிர்வாகிகளும் ஒரே தெருவில் ஒன்றாக வாக்குக் கேட்கிறார்களா, உள்ளூரில் நெடுநாள் பகை உள்ள இரு சமூகங்கள் ஒரே சின்னத்தில் வாக்களிக்க மனம் ஒப்புகின்றனவா, தொகுதி கிடைக்காத கட்சிக்காரர் வேலை செய்கிறாரா என்பவையெல்லாம் விசாரித்தே அறியப்பட வேண்டியவை.

ஒரு வகைத் தேர்தலின் முடிவை வேறு வகைத் தேர்தலுக்கு ஏற்றிச் சொல்வது இன்னொரு பழகிப்போன பிழை. டெல்லி வாக்காளர்கள் 2014இலும் 2019இலும் மக்களவையின் 7 தொகுதிகளையும் பாரதிய ஜனதாவுக்கே கொடுத்தார்கள். இடையில் 2015இல் சட்டமன்றத்தின் 70இல் 67 இடங்களை ஆம் ஆத்மிக்குக் கொடுத்தார்கள். தமிழ்நாட்டில் 2019இல் மக்களவைத் தேர்தலில் திமுக கூட்டணி போட்டி நடந்த தொகுதிகளில் ஒன்றைத் தவிர அனைத்தையும் வென்ற அதே வேளையில், அப்போது நடந்த 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் 9ஐ அதிமுக வென்று ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. அவற்றில் 18 தொகுதிகளில் இரு வாக்குப்பதிவும் ஒரே நாளில் ஒரே வாக்குச்சாவடியில் நடந்தன. நாடாளுமன்றத்துக்கு ஒரு தீர்ப்பும் மாநில ஆட்சிக்கு வேறொரு தீர்ப்பும் வாக்காளர் தெரிந்தே வழங்குகிறார்.

இடைத்தேர்தல் முடிவுகளை இன்னும் எச்சரிக்கையுடன் அணுக வேண்டும். சென்னை ஆர்.கே. நகரில் 2017 டிசம்பரில் டி.டி.வி. தினகரன் சுயேச்சையாக நின்று 40,000க்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். திமுக டெபாசிட் இழந்தது. ஒன்றரை ஆண்டுக்குள் அதே திமுகதான் மக்களவைத் தேர்தலில் பெருவெற்றி பெற்றது. தினகரன் தொடங்கிய கட்சிக்கு 2021 சட்டமன்றத் தேர்தலில் ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை.

வாக்குப்பதிவு கூடினால் ஆளுங்கட்சி மீதான அதிருப்தி என்று சொல்லும் பழக்கத்தை நாம் கைவிட்டாக வேண்டும். தமிழ்நாட்டில் 2011இல் 78 சதவீத வாக்குப்பதிவுடன் ஆட்சி மாறியது உண்மை. பீகாரில் 2025இல் அம்மாநிலம் அதுவரை காணாத அளவு வாக்குகள் பதிவாகி ஆளும் கூட்டணி 243இல் 202 இடங்களை அள்ளியதும் உண்மை. இதில் புதிதாகச் சேர்ந்துள்ள சிக்கல் ஒன்றுண்டு. வாக்காளர் பட்டியலில் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்த பீகாரில் வாக்காளர் எண்ணிக்கை 7.89 கோடியிலிருந்து 7.42 கோடியாகக் குறைந்தது. ஒரு தொகுதியில் 2,50,000 வாக்காளர்கள் இருந்து 1,75,000 பேர் வாக்களித்தால் அது 70 சதவீதம். பட்டியல் 2,20,000 ஆகச் சுருங்கிய பின் அதே 1,75,000 பேர் வந்தாலும் அது 79.5 சதவீதம். கூடுதலாக ஒருவர்கூட வராமலேயே சதவீதம் பாய்ந்து ஏறிவிடுகிறது. ஆகவே சதவீதத்தை விட்டுவிட்டு, பதிவான வாக்குகளின் எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். தொகுதி எல்லையிலும் இதே போன்ற சிக்கல் உண்டு. 2008 மறுவரையறைக்கு முன்னும் பின்னும் ஒரே பெயரைத் தாங்கிய தொகுதிகள் பல, வேறு ஊர்களையும் வேறு வாக்காளர்களையும் கொண்டவை. பெயரை நம்பி 2006ஐயும் 2011ஐயும் பக்கத்தில் வைப்பதில் பயனில்லை.

ஒரு பெரிய கட்சி படுதோல்வி அடைந்ததும் அதன் கதை முடிந்தது என்று எழுதுவதா, எப்படியும் மீண்டு வரும் என்று எழுதுவதா? இரண்டுமே அவசரம். திமுக சட்டமன்றத்தில் 1991இல் 2 இடங்களுக்குச் சுருங்கி 1996இல் 173 இடங்களுடன் திரும்பியது. அதிமுக 1996இல் 4 இடங்களுக்கு வீழ்ந்தது. இரண்டே ஆண்டுகளில், 1998 மக்களவைத் தேர்தலில், அதன் கூட்டணி 39இல் 30ஐ வென்றது. இந்த இரு தோல்விகளிலும் அக்கட்சிகளின் வாக்குகள் 22 சதவீதத்தை ஒட்டி நிலைத்திருந்தன. அதைவிட முக்கியமாக, ஆளுங்கட்சிக்கு மாற்று என்ற இடத்தை வேறொரு கட்சி நிரந்தரமாக எடுத்துக்கொள்ளவில்லை. பிரான்சின் சோசலிஸ்ட் கட்சிக்கு அது நேர்ந்தது. 2012இல் குடியரசுத் தலைவர் பதவியை வென்ற அக்கட்சி 2017இல் முதல் சுற்றில் 6.36 சதவீதத்துக்கும் 2022இல் 1.75 சதவீதத்துக்கும் சரிந்தது. அதன் வாக்காளர்கள் போய்ச் சேர வலப்பக்கத்திலும் இடப்பக்கத்திலும் வீடுகள் தயாராக இருந்தன. கனடாவில் 1993இல் ஆளும் முற்போக்குப் பழமைவாதக் கட்சி 16 சதவீத வாக்குகள் பெற்றும் 2 இடங்களில் முடிந்தது. அந்தத் தரப்பு மீண்டும் ஆட்சிக்கு வந்தது 2006இல். அதற்குள் அது போட்டிக் கட்சியுடன் இணைந்து வேறு கட்சியாகியிருந்தது. எனவே தோற்ற கட்சியின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசும் முன், தோற்ற தொகுதிகளில் எத்தனையில் அது இரண்டாம் இடத்தில் நிற்கிறது, எத்தனையில் மூன்றாம் இடத்துக்குப் போயிருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சமூகக் குழுக்களை அசையாத வாக்கு வங்கிகளாகக் கருதுவதும் இதே அளவுக்குத் தவறானது. அமெரிக்காவில் 2012 தோல்விக்குப் பின் குடியரசுக் கட்சியின் தேசியக் குழு 2013இல் வெளியிட்ட அறிக்கை, குடியேற்றச் சட்டத்தில் மென்மையான நிலைப்பாட்டை எடுத்து, ஸ்பானிஷ் பேசும் நாடுகளைப் பூர்வீகமாகக் கொண்ட ஹிஸ்பானிய வாக்காளர்களை நெருங்காவிட்டால் எதிர்காலம் இல்லை என்ற பொருளில் எச்சரித்தது. 2016இல் அதற்கு நேர்மாறான பிரசாரத்துடன் அக்கட்சி வென்றது. 2024இல் அதே ஹிஸ்பானிய வாக்காளர்களிடையே முன்பைவிடக் கணிசமான ஆதரவையும் பெற்றது. வாக்காளரைச் சாதி, மதம், இனம் என்ற ஒற்றை அடையாளத்துக்குள் அடைத்துவிட்டால், வயது, வேலை, கல்வி, விலைவாசி என்று அவரை நகர்த்தும் மற்ற எதுவும் நம் கண்ணில் படாமல் போகும்.

இவற்றையெல்லாம் சரிபார்க்க விரும்புவோருக்கு இந்தியாவில் ஒரு நல்ல ஆவணம் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு தொகுதிக்கும் வாக்குச்சாவடிவாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்குகளைத் தரும் படிவம் 20ஐ மாநிலத் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் பெறலாம். அடுத்தடுத்த இரு தேர்தல்களின் படிவங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வேட்பாளரின் சொந்த ஊரில் மட்டும் கூடிய வாக்குகள் எவை, தொகுதி முழுவதும் சீராகக் குறைந்தவை எவை, கூட்டணிக் கட்சியின் செல்வாக்குள்ள கிராமங்களில் வாக்கு உண்மையிலேயே மாறியதா என்பவை தெரியவரும். ஒப்பிடும்போது சாவடி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர்கள் என்றிருந்த உச்சவரம்பு 2025இல் 1,200 ஆகக் குறைக்கப்பட்டதால் சாவடிகள் பிரிந்து எண்கள் மாறியிருக்கக்கூடும். 114ஆம் எண் சாவடி சென்ற முறை ஒரு தெருவாகவும் இம்முறை அடுத்த கிராமமாகவும் இருக்கலாம். சாவடிப் பட்டியலில் தரப்பட்டுள்ள தெரு, ஊர்ப் பெயர்களைக் கொண்டே இரண்டையும் பொருத்துங்கள்.