மூலச்செல் மாற்றுக்குப் பின் நோய் எதிர்ப்பாற்றலைக் கண்காணிப்பது எப்படி?

இரத்தப் புற்றுநோய்க்காகப் இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச்செல்லைப் பிறரிடமிருந்து பெற்றவர், மாற்று நடந்த நாளைப் பூஜ்ஜியமாம் நாள் என்று ஒரு நோட்டில் குறித்து, அதன்பின் வரும் ஒவ்வொரு பரிசோதனை முடிவையும் தேதியோடு எழுதி வர வேண்டும்.

முதலில் கவனிக்க வேண்டியது, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை. அது தொடர்ந்து மூன்று நாள்கள் மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் குறையாமல் இருந்தால் புதிய மூலச்செல்கள் எலும்பு மஜ்ஜையில் வேரூன்றியதாகக் கொள்வர். பெரும்பாலும் இது 2 முதல் 4 வாரங்களில் நிகழும். எதிர்ப்பாற்றல் முழுதும் திரும்பிவிட்டது என்று இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நோயெதிர்ப்பில் பங்குபெறும் மற்ற வெள்ளையணுக்களான டி செல்களும் பி செல்களும் தேற மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகும் என்பதால், சிடி4 என்ற டி செல் வகையின் எண்ணிக்கையையும், ஐஜிஜி என்ற எதிர்ப்புரதத்தின் அளவையும் மருத்துவர் கூறும் இடைவெளியில் பார்த்துவர வேண்டும். எதிர்ப்பாற்றல் குன்றியவர்களைத் தாக்கும் சைட்டோமெகலோ வைரஸின் மரபணுவை இரத்தத்தில் தேடும் பிசிஆர் சோதனை, முதல் 100 நாள்கள் வரை வழக்கமாக வாரந்தோறும் செய்யப்படும். இரத்தத்தில் கொடையாளரின் செல்கள் எத்தனை விழுக்காடு என்பதைக் கைமெரிசம் சோதனை காட்டும். ஒருமுறை வந்த எண்ணைவிட, அது இறங்கிக்கொண்டே வருகிறதா என்பதே முக்கியம்.

எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தான டாக்ரோலிமஸின் இரத்த அளவு பார்க்கும் நாளில், அதன் காலை மாத்திரையை விழுங்கிவிட்டுச் சென்றால் முடிவு பிழையாகும். மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், இரத்தம் கொடுத்த பிறகே போட்டுக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸை எட்டினால், பாராசிட்டமால் போட்டுக் காத்திராமல், நள்ளிரவானாலும் மருத்துவமனையை அழைக்க வேண்டும். தோல் தடிப்பு, வயிற்றுப்போக்கு, கண் மஞ்சளாதல் ஆகியவை கொடைச்செல்கள் உடலைத் தாக்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். தட்டம்மைத் தடுப்பூசி போன்ற, உயிருள்ள கிருமி கொண்டவற்றை 2 ஆண்டுகள் முடியுமுன் போடலாகாது.