சார்ஜ் ஏறாத பழைய வண்டி: பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்

அப்பா ஓட்டிய பழைய டீசல் வேனை இப்போது நான் வைத்திருக்கிறேன். ஒரே வருடத்தில் அதற்கு இரண்டு பேட்டரி மாற்றினேன், எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தயாரித்துப் பேட்டரியை நிறைக்கும் ஆல்டர்னேட்டரையும் மாற்றினேன். அப்படியும் இரவில் ஹெட்லைட் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்தினால் காலையில் செல்ஃப் எடுக்காது. கடைசியில் குற்றவாளி யார் தெரியுமா? எஞ்சினையும் சேசிஸையும் இணைக்கும் எர்த் பட்டை. வெளியே பளிச்சென்றுதான் இருந்தது. முனையில் அடித்திருந்த லக்கை, அதாவது போல்ட்டில் மாட்டும் உலோக வளையத்தை, கையால் முறுக்கியதும் உள்ளே இருந்த செப்புக் கம்பிகள் கறுத்துப்போய் பொடியாக உதிர்ந்தன. அப்பா பத்திரமாக வைத்திருந்த வண்டியை நான் கெடுத்துவிட்டேனோ என்று அத்தனை நாள் கலங்கியிருந்தேன். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதல் வேலை, சாதாரண மல்டிமீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில், சாவியைத் தொடுவதற்கு முன்பே பேட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். 12.6 இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். 12-க்குக் கீழே போயிருந்தால் வெளிச் சார்ஜரில் போட்டு நிறைத்த பிறகே மற்ற சோதனைகளைத் தொடங்குங்கள். காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு எதைச் சோதித்தாலும் முடிவு குழப்பும்.

அப்புறம் எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் மிதித்த நிலையில் அதே இடத்தில் அளந்து பாருங்கள். 13.8 முதல் 14.5 வரை வரவேண்டும். நின்றபோது இருந்த அளவே காட்டினால் சார்ஜ் வரவே இல்லை. 15-ஐத் தாண்டினால் வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் போய்விட்டது; அப்படியே ஓட்டினால் பேட்டரித் தண்ணீர் வற்றிப்போகும். இப்போது ஹெட்லைட், ஹீட்டர் ஃபேன் எல்லாவற்றையும் போடுங்கள். என் வேனில் 13.7 காட்டிக்கொண்டிருந்தது 13.1-க்கு இறங்கியது இந்தக் கட்டத்தில்தான். ஆல்டர்னேட்டர் சரியில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன்.

அன்றைக்கே செய்திருக்க வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் ஓடும்போது, லைட்டெல்லாம் எரியும்போது, மீட்டரின் ஒரு முனையை ஆல்டர்னேட்டரின் பெரிய பிளஸ் போல்ட்டிலும் மறு முனையைப் பேட்டரியின் பிளஸ் முளையிலும் வையுங்கள். முளையைப் பிடித்திருக்கும் வயர் கிளாம்பில் வைக்கக் கூடாது, ஈய முளையிலேயே வைக்க வேண்டும். கிளாம்புக்கும் முளைக்கும் நடுவிலேயே கோளாறு இருக்கலாம். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வயரிலோ இணைப்பிலோ மின்சாரம் தடைபடுகிறது. அடுத்து ஆல்டர்னேட்டரின் உடம்பிலிருந்து பேட்டரியின் மைனஸ் முளைக்கு. இங்கே 0.2-க்குள் இருக்க வேண்டும். எனக்கு 1.1 காட்டியது. ஆல்டர்னேட்டர் 14.2 வோல்ட் ஒழுங்காகத்தான் தந்துகொண்டிருந்தது, அதில் 1.1 வழியிலேயே தொலைந்து, பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்தது 13.1. அதில் பேட்டரி எங்கே நிறையும்?

வயரைக் கழற்றி ஓம் அளந்து பார்த்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் அளந்தேன், பூஜ்யம் காட்டியது. மீட்டர் அனுப்பும் மின்சாரம் துளியூண்டு. ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது போய்விடும். முப்பது நாற்பது ஆம்பியர் பாயும்போதுதான் இற்றுப்போன வயரின் உண்மை தெரியும். சந்தேகம் தீர இன்னொரு வழி: எஞ்சினை நிறுத்தி, ஜம்பர் கேபிள் ஒன்றைப் பேட்டரி மைனஸிலிருந்து நேராக எஞ்சின் இரும்பில் மாட்டுங்கள். ஃபேனிலும் பெல்ட்டிலும் படாமல் பார்த்து மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். வோல்ட் ஏறினால் எர்த்தான் காரணம். பட்டையை மாற்றும்போது போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து, இரும்பு மின்னும்வரை சுத்தம் செய்யுங்கள்.

வயர்கள் சரியாக இருந்தால் பெல்ட்டைப் பாருங்கள். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் ஒரு சென்டிமீட்டர் உள்வாங்க வேண்டும். பக்கங்கள் கண்ணாடிபோல் வழவழத்திருந்தால் மாற்றிவிடுங்கள். டாஷ்போர்டில் இருக்கும் சார்ஜ் லைட்டும் முக்கியம். சாவி போட்டதும் எரிந்து, எஞ்சின் ஓடியதும் அணைய வேண்டும். பல பழைய வண்டிகளில் அந்தச் சின்ன பல்ப் வழியாகத்தான் ஆல்டர்னேட்டருக்கு முதல் மின்சாரம் போகிறது. பல்ப் எரிந்துபோனால் சார்ஜே தொடங்காமல் போகலாம். ஓடும்போது மங்கலாக எரிந்தால், ஆல்டர்னேட்டருக்குள் ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றும் டயோடைச் சந்தேகப்படுங்கள். மீட்டரை ஏசி வோல்ட் அளவில் வைத்துப் பேட்டரியில் அளக்கும்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினாலும் அதே சந்தேகம்தான். ஆல்டர்னேட்டருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருப்பதும் சாதாரணமாக வரும் கோளாறு, பிரஷை மட்டும் மாற்றினால் போதும். இன்னும் பழைய, ஆல்டர்னேட்டருக்குப் பதில் டைனமோ வைத்த வண்டியாக இருந்தால் ஐடிலிங்கில் சார்ஜ் வராதது இயல்பு, அதற்குப் பயப்பட வேண்டாம்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிச் சோதிப்பது. வோல்ட் திடீரென்று எகிறி நல்ல டயோடையும் கொன்றுவிடும்.

சார்ஜ் சரியாக வந்தும் நிறுத்திய வண்டியில் பேட்டரி இறங்குகிறதா? எல்லாவற்றையும் அணைத்து, மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை ஆம்பியரில் வைத்து மாட்டுங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் தொட வேண்டாம். 50 மில்லி ஆம்பியரைத் தாண்டினால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவுங்கள். எதை உருவும்போது குறைகிறதோ, கசிவு அந்த வழியில். எல்லாம் உருவியும் குறையவில்லை என்றால், மீட்டரை எடுத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் பிளஸ் வயரைக் கழற்றி டேப் சுற்றி ஒதுக்கி, மறுபடி அளந்து பாருங்கள். அப்போது குறைந்தால் உள்ளே டயோடு கசிகிறது.